மைனஸ் 12இல சைக்கிள், உள்ளுக்குக் கம்பளி



இந்தக் கிழமை எபிசோட்டில லாப்டாப் ஏன் சூடாகுது, அந்தச் சூட்டை எப்பிடி வெளியில எடுக்கிறது எண்டு கதைச்சோம். நடுவில நான் வாய்தவறி, "காலமை சைக்கிளில வந்தனான், இன்னும் வேர்க்குது" எண்டு சொல்லிப்போட்டன். ஜனவரி மாசம்! பிறகு வந்த கேள்வியளில பாதி ஹீட் பைப்பைப் பற்றியே இல்லை. "அண்ணா, மைனஸ் 12இல சைக்கிளா? என்னத்தைப் போட்டுக்கொண்டு போறீங்கள்? ஒஃபிஸுக்குப் போய் உடுப்பு மாத்துவீங்களா?"

சின்னப் பதில்: கம்பளி போடுறன், உடுப்பு மாத்துறதில்லை. பெரிய பதில் கீழ.

6 கிலோமீட்டர்

நான் இருக்கிறது பார்க் எக்ஸ்டென்ஷனில. இப்ப கொன்ட்ராக்ட் வேலை டவுன்டவுனில, பீல் மெட்ரோவுக்குக் கிட்ட. செயின்ட் உர்பெய்ன் வழியா இறங்கி, டு மெய்சொன்னேவ் சைக்கிள் பாதையில ஏறினால் நேரா வாசலுக்கே போகலாம். கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். அந்தப் பாதைக்கு க்ளேர் மோரிசெட் எண்டவவின்ட பேர் வைச்சிருக்கு. 1975இல இந்த ஊரில தொடங்கின சைக்கிள் இயக்கத்தில முன்னுக்கு நிண்டவ. மெட்ரோவுக்குள்ள சைக்கிள் கொண்டுபோற உரிமைக்காக அந்த இயக்கம் சண்டை பிடிச்சது. 2007இல அவ காலமானா. நாங்கள் இப்ப சும்மா மிதிச்சுக்கொண்டு போற பாதை சும்மா வந்ததில்லை.

மற்ற வசதியளும் வந்திட்டுது. செயின்ட் டெனியில 2020இல REV எண்ட பெரிய பாதை திறந்தவை. 2023 குளிர்காலத்தில இருந்து பிக்ஸி சைக்கிளும் பனிக்காலத்தில ஓடுது. பாதையில பனி தள்ளுறது நகரசபையின்ட வேலை. என்னத்தைப் போடுறது எண்டது மட்டும் எங்கட வேலை.

முதல் வருசம் விட்ட பிழை

முதல் குளிர்காலம் நான் போட்டது: கொட்டன் பெனியன், அதுக்கு மேல கொட்டன் சேட், அதுக்கு மேல ஹூடி, எல்லாத்துக்கும் மேல அப்பாவின்ட பெரிய ஜாக்கெட். "குளிருக்குத் தடிப்பாப் போடு" எண்டுதானே வீட்டில சொல்லித் தந்தது. 10 நிமிசத்தில முதுகெல்லாம் ஈரம். ஒஃபிஸில 22 பாகை. ஜாக்கெட்டைக் கழட்டினால் நனைஞ்ச பெனியன் முதுகில ஒட்டிக்கொண்டு, மத்தியானம் வரைக்கும் உள்ளுக்கை நடுங்கிக்கொண்டிருப்பன்.

சரி எண்டு ஜிம்முக்குப் போடுற பொலியெஸ்டர் டீஷர்ட்டுக்கு மாறினன். அது கெதியாக் காய்ஞ்சது. ஆனால் பின்னேரம் 3 மணிக்கு மணக்கத் தொடங்கீடும்.

இது உங்களில கனபேருக்கு விளங்கும். பள்ளிக்கூடத்தில "உன்ட ஜாக்கெட் கறி மணக்குது" எண்டு கேட்டு வளந்த ஆக்கள் நாங்கள். அந்த வசனம் மறக்காது. மீட்டிங் ரூமில நான் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில இருக்கத் தொடங்கினன். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டினம். கொன்ட்ராக்ட் நீட்டாமல் விட்டால் காரணமும் சொல்ல மாட்டினம். அந்த பெப்ரவரியில சைக்கிளைப் பேஸ்மென்டில இறக்கிப்போட்டு மாச மெட்ரோ பாஸ் வாங்கினன்.

அதே தளத்தில வேலை செய்த ஒரு வயசான கியூபெக் அம்மா, கனகாலமா குளிரிலயும் சைக்கிளில வாறவ, ஏன் விட்டனீ எண்டு கேட்டா. சொன்னன். அவ சொன்னது ஒரே ஒரு சொல்: "லென்." பிரெஞ்சில கம்பளி.

நார் என்ன செய்யுது?

எங்கட எதிரி குளிர் எண்டு நினைக்கிறம். சைக்கிளில போகேக்க அதைவிடப் பெரிய எதிரி வேர்வை. அசையாமல் நிக்கிற காற்றைவிடத் தண்ணி ஏறத்தாழ 25 மடங்கு வேகமா வெப்பத்தைக் கடத்தும். ஈரப் பெனியன் எண்டது உடம்பைச் சுத்திக் கட்டின ரேடியேட்டர் மாதிரி. சூட்டை இழுத்து வெளியில விட்டுக்கொண்டே இருக்கும்.

மூண்டு துணியும் ஈரத்தை எப்பிடிக் கையாளுது எண்டு பாருங்கோ. 20 பாகையில, 65% ஈரப்பதன் உள்ள காற்றில சும்மா தொங்கவிட்டாலே, கம்பளி தன்ட எடையில ஏறத்தாழ 16% நீரை நாருக்குள்ள வைச்சிருக்கும். பருத்தி ஏறத்தாழ 8%. பொலியெஸ்டர் 0.4%. கம்பளி நார் உச்சமா எடுக்கக்கூடியது தன்ட எடையில மூண்டில ஒரு பங்கு. அந்த அளவுக்குக் குடிச்சாலும் தொட்டால் ஈரம் எண்டு தெரியாது.

காரணம் அதின்ட கட்டமைப்பு. கம்பளி நார் கெரட்டின் எண்ட புரதம், எங்கட தலைமயிர் மாதிரி. வெளித்தோல் கொழுப்புத் தன்மையானது, தண்ணித் துளியைத் தள்ளும். ஆனால் நீராவியை உள்ள விடும். அதால வேர்வை துளியாகிறதுக்கு முதலே, ஆவியா இருக்கேக்கயே நாருக்குள்ள போயிடும். பருத்தியும் குடிக்கும்தான், ஆனால் துளித் தண்ணி நார்களுக்கு இடையில நிறைஞ்சு துணி படிஞ்சுபோகும். காற்று நிக்க இடமில்லை. கம்பளி நார் சுருள் சுருளா இருக்கிறதால அவ்வளவு லேசில படியாது. காற்று உள்ளுக்கை நிக்கும்.

இனி எபிசோட்டில சொன்ன ஹீட் பைப்பை நினைச்சுப் பாருங்கோ. சிப் பக்கம் திரவம் ஆவியாகேக்க வெப்பத்தை எடுக்குது, ஃபேன் பக்கம் திரும்பத் திரவமாகேக்க அதை விடுது. கம்பளியும் இந்தக் குடும்பம்தான். நீராவி நாருக்குள்ள போய்ப் பிணையேக்க கொஞ்சம் வெப்பம் வெளியேறும். சூடான, காய்ஞ்ச ஒஃபிஸுக்குள்ள வந்தாப்பிறகு அந்த ஈரம் மெதுவா வெளியேறேக்க வெப்பத்தையும் கொண்டுபோகும். வெளியில மைனஸ் 15, உள்ளுக்க 22. அந்த 37 பாகை வித்தியாசத்தைக் கம்பளி உடன உங்கட தோலுக்குத் தள்ளாமல் ஒரு பஃபர் மாதிரி நடுவில நிண்டு தாங்குது. அதாலதான் வந்து இறங்கி அதே சட்டையோட மீட்டிங்கில இருக்க ஏலுது.

மணம்

வேர்வைக்குத் தனிய மணம் குறைவு. தோலில இருக்கிற பக்டீரியா அதை உடைக்கேக்கதான் மணம் வருது. பொலியெஸ்டர் தண்ணியை விரும்பாது, எண்ணெயை விரும்பும். உடம்பு எண்ணெயும் அதோட வாற மணமும் அதில ஒட்டிக்கொள்ளும், தோய்ச்சாலும் முழுக்கப் போகாது. கம்பளி ஈரத்தோட சேர்த்து மணத் துணிக்கையளையும் நாருக்குள்ள பிடிச்சு வைக்கும், காற்றில தொங்கவிட்டால், தோய்ச்சால் விட்டுவிடும். கம்பளி பக்டீரியாவைக் கொல்லும் எண்டு கடையில சொல்லுவினம், நம்பவேண்டாம். அது மணத்தைப் பூட்டி வைக்குது, அவ்வளவுதான். எனக்கு அது காணும். ஒரு மெரினோ டீஷர்ட்டை மூண்டு நாள் போட்டுட்டுத்தான் தோய்க்கிறன். கதவுக்குப் பக்கத்துக் கதிரையையும் விட்டுட்டன்.

ஒரு எச்சரிக்கை. மணத்தைப் பிடிக்கிற துணி தாளிதத்தையும் பிடிக்கும். அம்மா மீன் பொரிக்கேக்க கம்பளிக் கோட்டைக் குசினிக்குப் பக்கத்தில தொங்கவிடாதேங்கோ. விட்டுட்டீங்கள் எண்டால் இரவு பால்கனியில போடுங்கோ. எனக்கு விடியக் காலமை போயிருக்கும்.

"கம்பளி கடிக்குமே?"

இது அப்பா கேட்டது. 90களின்ட தொடக்கத்தில அவர் டவுன்டவுனில ஒரு ரெஸ்டோரன்டில கோப்பை கழுவினவர். இரவு பஸ்ஸுக்கு நடந்து போகேக்க கால் எப்பவும் ஈரம், எப்பவும் கொட்டன் சொக்ஸ். வந்த புதிதில ஆரோ குடுத்த கம்பளிப் போர்வை மேலெல்லாம் கடிச்சதாம். அதோட கம்பளியை விட்டவர்.

கடிக்கிறதுக்குக் காரணம் நாரின்ட தடிப்பு. ஒரு மைக்ரோன் எண்டது மில்லிமீட்டரில ஆயிரத்தில ஒரு பங்கு. ஏறத்தாழ 30 மைக்ரோனுக்கு மேல போனால் நாரின்ட நுனி வளையாது, தோலில குத்தும். உள்ளுக்குப் போடுற மெரினோ 17 தொடக்கம் 19 மைக்ரோன். அது தோலில பட்டவுடன வளைஞ்சு போயிடும். அப்பாவைக் கடிச்ச போர்வையும் இதுவும் ஒரே சாதி, ஆனால் வேற துணி.

அவர் பருத்தியை நம்பினதும் பிழையில்லை. யாழ்ப்பாணத்து வெயிலில வேர்வை காயேக்க உடம்பு குளிரும், அதுதான் அங்க தேவை. 30 பாகைக்குச் சரியா இருந்த அறிவை மைனஸ் 12க்கும் கொண்டுவந்ததுதான் பிரச்சினை.

அதுக்காகக் கம்பளி வெள்ளைக்காரன்ட சாமான் எண்டும் நினைக்கவேண்டாம். குளிரும் மழையும் இருக்கிற இடத்தில வேலை செய்த தமிழருக்கு அது பழக்கம். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில மழைக்குள்ள கொழுந்தெடுத்த ஆக்கள் தலையிலயும் முதுகிலயும் போட்டது கம்பளி. தோட்டத்துரைமாரும் தங்கட எழுத்தில 'கம்ப்ளி' எண்டே எழுதினவை. அதைச் சும்மா குடுக்கேல்லை, விலையைச் சம்பளக் கணக்கில கழிச்சவை. தமிழ்நாட்டு நீலகிரியில ஒரு செம்மறி இனமே இருக்கு: 19ஆம் நூற்றாண்டில கோயம்புத்தூர் ஆட்டையும் டாஸ்மேனியா மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆடுகளையும் கலந்து உருவானது. மென்மையான கம்பளி தரும். இப்ப எண்ணிக்கை குறைஞ்சுபோச்சு. ஊட்டிக்குக் கிட்ட சாண்டிநல்லாவில கால்நடைப் பல்கலைக்கழகத்தின்ட ஆராய்ச்சி நிலையம் அதை வளர்த்துக் காப்பாத்துது.

சைக்கிளுக்கும் கம்பளி புதுசில்லை. டூர் டி ஃப்ரான்ஸில 1919இல முதல்முதலா மஞ்சள் சட்டை குடுத்தவை. அது கம்பளிதான்.

நீங்கள் தொடங்கிறதெண்டால்

மைனஸ் 10 அளவில நான் போடுறது: உடம்போட ஒட்டின மெரினோ, அதுக்கு மேல ஒரு கம்பளி ஸ்வெட்டர், அதுக்கு மேல காற்றைத் தடுக்கிற மெல்லிய ஜாக்கெட். பஞ்சடைச்ச பெரிய ஜாக்கெட் வேண்டாம். வெளிக்கிடேக்க கொஞ்சம் குளிரவேணும். வாசலிலயே கதகதப்பா இருந்தால் கூடப் போட்டுட்டீங்கள். பின்னேரம் பெர்ரி ஏற்றத்தில வேர்த்துக் கொட்டும்.

லேபிளில சதுரமீட்டருக்கு எத்தனை கிராம் எண்டு இருக்கும். 150 எண்டது மெல்லிசு, கோடைக்கும் சரி. குளிருக்கு 200 அல்லது 250. புது மெரினோ டீஷர்ட் ஒண்டு நூறு டொலருக்குக் கிட்டப் போகும், எனக்கும் வயித்தெரிச்சல்தான். அதால முதலில சொக்ஸ் ஒரு சோடி மட்டும் வாங்கிப் பாருங்கோ. ஸ்வெட்டருக்குப் புதுசே வேண்டாம், ரெனெசான்ஸ் மாதிரிப் பழைய உடுப்புக் கடையில லேபிளைத் திருப்பி 'லென்' எண்டு தேடுங்கோ.

குறையளும் இருக்கு. கொட்டுற மழையில கம்பளி பாரமாகும், காய நேரம் எடுக்கும். நார் ஓடு வேய்ஞ்ச மாதிரிச் செதில் செதிலா இருக்கிறதால, சுடுதண்ணியில போட்டு அடிச்சால் செதில் ஒண்டோட ஒண்டு கொழுவிச் சுருங்கிப்போகும். குளிர்தண்ணி, மெதுவான சுத்து, ட்ரையர் வேண்டவே வேண்டாம், படுக்கப் போட்டுக் காயவிடுங்கோ. கோடையில அந்துப்பூச்சியின்ட புழு திண்டுபோடும், தோய்ச்சு இறுக்கிக் கட்டின பையில வையுங்கோ. ஆடு படுற பாடும் இருக்கு: ஈப்புழு பிடிக்காமல் இருக்க மெரினோ ஆட்டின்ட பின்பக்கத் தோலை வெட்டுறதுக்கு மியூல்சிங் எண்டு பேர். நியூசிலாந்து 2018இல தடை செய்திட்டுது. வாங்கேக்க அது இல்லாத கம்பளியா எண்டு பாருங்கோ.

அப்பாவுக்குப் போன நத்தாருக்கு மெரினோ சொக்ஸ் ஒரு சோடி குடுத்தன். "கடிக்கும்" எண்டு மேசையிலயே வைச்சிட்டுப் போனார். மூண்டு கிழமை கழிச்சு ஃபோன் எடுத்தார். கார் இன்ஷூரன்ஸைப் பற்றிக் கதைச்சுப்போட்டு, வைக்கிற நேரம்: "அந்த மேஸ் இன்னொரு சோடி எடுக்கலாமோ?"

அடுத்த எபிசோட்டில பற்றரிக்குக் குளிரில என்ன நடக்குது எண்டு பாப்பம். ஈ-பைக் வைச்சிருக்கிற ஆக்கள் கேள்வியளை இந்தக் கடிதத்துக்கே பதிலா அனுப்புங்கோ. பெர்ரி ஏற்றத்தில ஆரும் என்னை முந்திப் போனால் ஒருக்கா மணி அடிச்சிட்டுப் போங்கோ.