இன்ஸ்டால் செய்யும் முன் பழைய நிலையைச் சேமியுங்கள்

2017 ஆகஸ்ட் 15 அன்று ‘சிகிளீனர்’ மென்பொருளின் 5.33 பதிப்பு வெளியானது. கணினியில் சேரும் குப்பைக் கோப்புகளை நீக்க உலகெங்கும் மக்கள் பயன்படுத்திய மென்பொருள் அது. தயாரிப்பு நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே, முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு இறங்கியது. ஆனால் வெளியீட்டுக்கு முன்பே நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் அதில் தீங்கான நிரலைச் சேர்த்திருந்தார்கள். செப்டம்பரில் உண்மை வெளிவந்தபோது, ஏறத்தாழ 22.7 லட்சம் கணினிகளில் அந்தப் பதிப்பு நிறுவப்பட்டிருந்தது தெரிந்தது. இதை ஆராய்ந்த சிஸ்கோ தாலோஸ் குழு சொன்ன தீர்வு: கணினியை ஆகஸ்ட் 15-க்கு முந்தைய நிலைக்குக் கொண்டுபோங்கள், முடியாவிட்டால் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுங்கள்.

முந்தைய நிலையைச் சேமித்து வைத்திருந்தவருக்கு மட்டுமே அந்த முதல் வழி திறந்திருந்தது. மற்றவர்களுக்கு மிஞ்சியது ஃபார்மேட்தான்.

முறையான தளத்திலிருந்து வந்த மென்பொருளிலேயே இது நடக்கிறது. ஆனால் நம் ஊரில் அன்றாடத் தேவை நம்மை இன்னும் ஆபத்தான இடங்களுக்கு இழுத்துச் செல்கிறது. பழைய பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்க வேண்டிய டிடிபி கடை, பிரிண்டரின் டிரைவர் சிடியைத் தொலைத்துவிட்ட ஜெராக்ஸ் கடை, பாடத்துக்கான மென்பொருளை வாங்கக் காசில்லாத மாணவர் என எல்லோரும் எங்கிருந்தோ ஒரு செட்டப் ஃபைலை இறக்குகிறார்கள். இறக்கவே கூடாது என்று சொல்வது எளிது, அது நடக்காது. ஆகவே இறக்கும் முன் திரும்பி வருவதற்கு வழி செய்துகொள்ளுங்கள் என்பதே இந்தக் கட்டுரையின் வேண்டுகோள்.

அன்இன்ஸ்டால் செய்தால் போதாதா?

போதாது. ஒரு செட்டப் ஃபைலுக்கு ‘யெஸ்’ சொல்லி நிர்வாகி அனுமதி கொடுத்ததும், அது கணினியின் எந்த மூலைக்கும் போகலாம். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் புதிய வரிகளை எழுதலாம். கணினி தொடங்கும்போதே தானும் தொடங்கும்படி ஒரு சர்வீஸை வைக்கலாம். பிரவுசரின் தேடல் பக்கத்தையும் இணைய இணைப்பின் டிஎன்எஸ், பிராக்ஸி அமைப்புகளையும் மாற்றலாம். வைரஸ் தடுப்பானிடம் ‘இந்த ஃபோல்டரைச் சோதிக்காதே’ என்று விதிவிலக்கு வாங்கலாம். அன்இன்ஸ்டால் என்பது அந்த மென்பொருளே எழுதிக் கொடுத்த வேலைப் பட்டியல். தீய எண்ணத்தோடு செய்யப்பட்ட மென்பொருள் தான் செய்த மாற்றங்களையெல்லாம் அந்தப் பட்டியலில் சேர்க்காது.

எந்த பேக்கப் எதைக் காக்கும்?

‘பேக்கப் இருக்கிறது’ என்று பலரும் சொல்வது பென் டிரைவில் உள்ள புகைப்படங்களையும் கணக்குக் கோப்புகளையும்தான். அவை தேவைதான், ஆனால் கணினியின் அமைப்புகள் அவற்றில் இல்லை.

ரிஸ்டோர் பாயின்ட் என்பது ரெஜிஸ்ட்ரி, சிஸ்டம் கோப்புகள், டிரைவர்கள், நிறுவிய நிரல்கள் ஆகியவற்றின் அன்றைய நிலையைக் குறித்துவைக்கும் வசதி. 2000-இல் வந்த விண்டோஸ் எம்இ முதல் இருக்கிறது. இது உங்கள் சொந்தக் கோப்புகளைக் காக்காது.

ரெஜிஸ்ட்ரியை மட்டும் தனியாக ‘எக்ஸ்போர்ட்’ செய்து வைப்பது இன்னொரு முறை. இதில் ஒரு குறை உண்டு. அந்தக் கோப்பைத் திரும்ப ஏற்றும்போது பழைய மதிப்புகள் மீண்டும் எழுதப்படும். ஆனால் புதிய மென்பொருள் கூடுதலாகச் சேர்த்த வரிகள் அப்படியே தங்கிவிடும். முன்பெல்லாம் விண்டோஸே ரெஜிஸ்ட்ரியின் நகலைத் தானாக எடுத்துவைத்தது. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அது நிறுத்தப்பட்டுவிட்டது.

சிஸ்டம் இமேஜ் என்பது விண்டோஸ், நிரல்கள், அமைப்புகள் என முழு டிரைவின் நகல். இதை வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்துவைக்க வேண்டும். கட்டணமில்லாத குளோன்சில்லா போன்ற கருவிகள் இதற்கு உண்டு. கணினி தொடங்கவே மறுத்தாலும் கைகொடுப்பது இதுதான். லினக்ஸில் டைம்ஷிஃப்ட், ஆப்பிள் கணினியில் டைம் மெஷின் ஆகியவை பழைய நிலைக்குத் திரும்ப உதவுகின்றன.

நிறுவும் முன் செய்ய வேண்டியவை

1. ஸ்டார்ட் மெனுவில் ‘கிரியேட் எ ரிஸ்டோர் பாயின்ட்’ என்று ஆங்கிலத்தில் தேடித் திறவுங்கள். சி டிரைவுக்கு எதிரே பாதுகாப்பு ‘ஆஃப்’ என்று இருந்தால் ‘கான்ஃபிகர்’ சென்று ‘ஆன்’ செய்யுங்கள். பல கணினிகளில் இது அணைத்தே கிடக்கிறது. பிறகு ‘கிரியேட்’ அழுத்தி, எதை நிறுவப்போகிறீர்களோ அதன் பெயரையே கொடுங்கள்.

2. டிரைவைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவி உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பல, டிரைவைத் தாமாகவே பூட்டி வைத்திருக்கின்றன. தொடக்க அமைப்பில் ஏதேனும் மாறினால் கணினி 48 இலக்கச் சாவியைக் கேட்டு நின்றுவிடும். சாவி இல்லையேல் உங்கள் கோப்புகளே உங்களுக்குக் கிடைக்காது. அதைத் தாளில் எழுதி வையுங்கள்.

3. முக்கியக் கோப்புகளையும், முடிந்தால் சிஸ்டம் இமேஜையும் வெளி டிஸ்கில் எடுங்கள். எடுத்ததும் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். 2017 மே மாதம் பரவிய வானாக்ரை என்ற தீய மென்பொருள், கோப்புகளைப் பூட்டியதோடு கணினியில் இருந்த ரிஸ்டோர் பாயின்ட்களையும் அழித்தது. அதே கணினியில் உள்ள காப்பும், இணைத்தபடியே இருக்கும் டிஸ்கும் அத்தகைய தாக்குதலில் உதவாது.

4. செட்டப் ஃபைலின் ‘பிராப்பர்டீஸ்’ பகுதியில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிச் சோதியுங்கள். ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு நிறுவவும்’ என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

5. விண்டோஸ் புரோ பதிப்பு இருந்தால் ‘விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்’ வசதியில் முதலில் ஓட்டிப் பாருங்கள். அதை மூடியதும் உள்ளே நிறுவியது எல்லாம் போய்விடும். ஹோம் பதிப்பில் இது இல்லை.

பேக்கப் மீட்டுத் தராதது

கணினியை நேற்றைய நிலைக்குக் கொண்டுபோகலாம். திருடுபோன கடவுச்சொல்லை அப்படித் திரும்பப் பெற முடியாது. தீய மென்பொருள் ஓடிய அந்தச் சில நிமிடங்களில் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் வெளியே போயிருக்கலாம். ஆகவே சந்தேகம் வந்தால், பாதிக்கப்படாத வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை உடனே மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்-அவுட் செய்யுங்கள்.

சட்டம் தரும் உரிமைகள்

காசு கொடுத்து முறையாக வாங்கிய மென்பொருளை நகலெடுத்து வைப்பது குற்றமோ என்று சிலர் தயங்குகிறார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, இழப்பிலிருந்தும் சேதத்திலிருந்தும் காத்துக்கொள்ள நகல் எடுக்கும் உரிமையை முறையாக வைத்திருப்பவருக்குத் தருகிறது. அதே சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. ‘கிராக்’ பதிப்பை நிறுவுபவர், தீங்கு நேர்ந்தால் புகார் கொடுக்கவே தயங்கும் நிலைக்குத் தம்மைத் தாமே தள்ளிக்கொள்கிறார். கட்டணமில்லாத லிப்ரே ஆஃபிஸ், கிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் போன்றவை இருக்கையில் அந்த நிலை தேவையில்லை.

உங்கள் அனுமதி இல்லாமல் கணினிக்குள் வைரஸைப் புகுத்துவது 2000 தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுப்படி இழப்பீட்டுக்கு உரியது. 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையைத் தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம் கொடுக்கலாம். மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே அந்த அதிகாரி. மோசடியான நோக்கத்தோடு செய்திருந்தால் 66-ஆம் பிரிவுப்படி மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

‘உங்கள் கணினியில் 38 வைரஸ் உள்ளது, நீக்கப் பணம் கட்டுங்கள்’ என்று பொய்யாகப் பயமுறுத்தும் திரைகள் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஏமாற்று வடிவமைப்புகள் பதின்மூன்றில் ஒன்றாக இதையும் பட்டியலிட்டுத் தடை செய்துள்ளன. இப்படிப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

பாதிப்பு நேர்ந்தால் எது முதலில்?

இணையத்தைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்துவிட்டு வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கைமாறும் முன் தடுக்க அந்த வேகமே உதவும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கும் உரிமையை, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு தருகிறது.

பதற்றத்தில் பலர் முதலில் செய்வது ஃபார்மேட் அடிப்பது. தயவுசெய்து அதைத் தள்ளிப்போடுங்கள். திரையில் தெரிந்த மிரட்டல், செட்டப் ஃபைல், அதை இறக்கிய முகவரி, நேரம், பணம் கட்டிய ரசீது ஆகிய அனைத்தும் சான்றுகள். பாதிக்கப்பட்ட டிஸ்கை அப்படியே எடுத்துவைத்து, வேறு டிஸ்கில் உங்கள் சிஸ்டம் இமேஜை ஏற்றினால் வேலையும் நடக்கும், சான்றும் அழியாது. தீய நிரல்களைக் கண்டறிந்து நீக்கும் இலவசக் கருவிகளை, இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு நடத்தும் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ வழங்குகிறது.

கடை நடத்துபவர்கள் தங்கள் கணினிகள் ஒவ்வொன்றிலும் இன்றே சிஸ்டம் பாதுகாப்பை ‘ஆன்’ செய்யுங்கள். வீட்டில் கணினி அறிந்த பிள்ளைகள் பெற்றோரின் கணினியிலும் அதைச் செய்து, பிட்லாக்கர் சாவியை எழுதிக் கொடுங்கள். சில நிமிட வேலை. ஆபத்து வந்த பிறகு அதைச் செய்ய முடியாது.