டெமி சைஸில் மட்டும் ஏன் இந்த ஓட்டைகள்?

பணி ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர் தன் ஊர் ஏரிகளைப் பற்றிப் புத்தகம் எழுதி, சொந்தச் செலவில் அச்சடிக்கப் போகிறார். அவர் கேட்கிறார்: “ஏ4 தாளில் தட்டச்சு செய்தபோது பக்கம் லட்சணமாக இருந்தது. டெமி சைஸுக்கு மாற்றியதும் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக விழுகிறது. கோளாறு கம்ப்யூட்டரிலா, எழுத்துருவிலா? ‘ஏ.ஐ. வடிவமைப்பு, ஒரே சொடுக்கில் புத்தகம்’ என்று விளம்பரம் வருகிறதே, பணம் கட்டலாமா?”

இப்போதைக்குக் கட்ட வேண்டாம். கோளாறு இரண்டிலும் இல்லை, வகுத்தல் கணக்கில் இருக்கிறது. டெமி 1/8 பக்கத்தின் அகலம் ஐந்தரை அங்குலம். பைண்டிங் ஓரத்தில் முக்கால் அங்குலமும் வெளி ஓரத்தில் அரை அங்குலமும் போனால் எழுத்துக்கு மிஞ்சுவது நாலேகால் அங்குலம். அதில் ஏறக்குறைய ஆறு தமிழ்ச் சொற்கள் உட்காரும். அதாவது, ஐந்தே இடைவெளிகள். வரிக் கடைசியில் ‘நிரூபிக்கப்பட்டிருக்கின்றன’ வந்து, இடம் போதாமல் அடுத்த வரிக்குப் போனால், அது விட்டுப்போன வெற்றிடம் முழுவதையும் இந்த ஐந்தும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஏ4 தாளில் அதே சுமையை ஏற்க இடைவெளிகள் அதிகம், கண்ணுக்குத் தெரியாது.

சாதாரண சொற்செயலி, கல்யாணப் பந்தியில் அவசரக்கார மேற்பார்வையாளர் மாதிரி. சொல் என்பது ஒரு குடும்பம், வரி என்பது ஒரு வரிசை. வருகிற குடும்பத்தை வந்த வேகத்தில் உட்கார வைப்பார். இடம் போதாத பெரிய குடும்பம் வந்தால் அடுத்த வரிசைக்கு அனுப்பிவிட்டு, இருப்பவர்களைத் தள்ளித் தள்ளி உட்காரச் சொல்வார். சாம்பார் வாளிக்காரர் இலைக்கு இலை ஓட வேண்டும். மேற்பார்வையாளருக்கு அந்தக் கவலை கிடையாது. முடித்த வரிசையைத் திரும்பிப் பார்க்கும் பழக்கமே அவருக்கு இல்லை.

கெட்டிக்கார மேற்பார்வையாளர் மண்டப வாசலிலேயே மொத்தக் கூட்டத்தையும் எண்ணிவிடுவார். முதல் வரிசையிலிருந்து ஒரு சின்னக் குடும்பத்தைக் கீழே இறக்கினால் நாலாவது வரிசையின் ஓட்டை அடைபடும் என்பது அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் எனக்கு அலுக்காத சங்கதி. நூறு சொல் கொண்ட பத்தியில் 99 இடங்களில் வரியை முறிக்கலாம். முறிப்பதா வேண்டாமா என்று எல்லாச் சேர்க்கைகளையும் பார்த்தால் முப்பது இலக்க எண் வரும். அத்தனையையும் சோதிக்க எந்தக் கணினியாலும் ஆகாது, சோதிக்கவும் தேவையில்லை. இருபதாவது குடும்பத்தோடு ஒரு வரிசை முடிகிறது என்று வையுங்கள். அதுவரை உள்ளவர்களை உட்கார வைக்க எத்தனையோ வழி இருக்கும்; அவற்றில் ஆகச் சிறந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடலாம். பின்னால் யார் வந்தாலும் அந்தத் தேர்வு மாறப்போவதில்லை. இப்படியே போனால் கணக்கு நொடிக்குள் முடிந்துவிடும்.

‘சிறந்தது’ எது என்பதற்கும் அளவுகோல் உண்டு. இடைவெளி எந்த அளவு நீளலாம் என்று வரையறுத்து, அந்த எல்லையைத் தொடும் வரிக்கு 100 தண்டப் புள்ளி. அதைப்போல இரண்டு மடங்கு நீண்டால் 200 அல்ல, 800. மூன்று மடங்குக்கு 2,700. நீட்சியின் கன மடங்காகத் தண்டம் ஏறுவதால், ஒரு வரி படுமோசமாவதைவிட இரண்டு வரிகள் கொஞ்சம் தளர்வது லாபம்.

குடும்பத்தைப் பிரிக்கலாமா? பிரிக்கலாம், தண்டம் உண்டு. ஆனால் கைக்குழந்தை வரிசையின் முதல் இலையில் தனியே உட்காரக் கூடாது. புள்ளி வைத்த மெய்யெழுத்து வரித் தொடக்கத்தில் வரக் கூடாது என்ற பழைய அச்சக விதியைத்தான் சொல்கிறேன். முன்பு பார்த்த ‘நிரூபிக்கப்பட்டிருக்கின்றன’ என்ற பதினைந்து எழுத்துச் சொல்லை இவ்விதிப்படி ஒன்பது இடங்களில் முறிக்கலாம். கடைசி ‘ன’வை மட்டும் கீழே தள்ளுவதும் அழகில்லை.

வரலாறு இல்லாமல் பத்திரிகை ஆசிரியர் விடமாட்டார். அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1977இல் தன் புத்தகத்தின் புதிய பதிப்புக்கு வந்த மெய்ப்பைப் பார்த்து வெறுத்துப்போய், தானே ‘டெக்’ என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதப் புகுந்தார். 1978இல் முடியும் என்று நினைத்தார். 1989 வரை இழுத்தது. மேலே சொன்ன வரி முறிப்பு முறையை அவரும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்டார்கள். அவ்வளவுதான்.

ஆக, விளம்பரக்காரர் செய்யக்கூடிய உருப்படியான காரியத்துக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, ஏ.ஐ.க்கு அதில் வேலையே இல்லை. டெக் இன்றும் இலவசம். உங்கள் புத்தகத்தை வடிவமைப்பவர் இன்டிசைன் மென்பொருளைப் பயன்படுத்துகிறார் என்றால், கெட்டிக்கார மேற்பார்வையாளரான ‘வேர்ல்ட்-ரெடி பேரகிராஃப் கம்போசரை’த் தேர்ந்தெடுத்திருக்கிறாரா, சொல் முறிப்புக்கு மொழி தமிழ் என்று குறித்திருக்கிறாரா என்று கேளுங்கள். பலரும் இந்த இரண்டையும் தொடுவதே இல்லை. அச்சுக்குப் போகும் பி.டி.எஃப்.பில் எழுத்துருக்கள் பதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

முழுப் புத்தகத்துக்கும் சம்மதம் சொல்லும் முன் ஒரு பாரம், பதினாறு பக்கம், தாளில் எடுத்து வாங்குங்கள். பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். படிக்க முடியாதபோதுதான் வெள்ளை ஓட்டைகள் கண்ணில் படும். அப்படியும் சரிப்படவில்லையா, வலது ஓரத்தை நேராக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். இடைவெளிகள் எல்லா வரியிலும் ஒரே அளவில் நிற்கும், செலவும் இல்லை.