எஸ்பொசிட்டோ: ஒரு குடும்பப் பெயரின் கதை

இத்தாலி நாட்டின் நேப்பல்ஸ் நகரில் ‘எஸ்பொசிட்டோ’ என்னும் குடும்பப் பெயரைக் கொண்டவர்களே மிகுதி. ‘வெளியே வைக்கப்பட்டவர்’ என்பது இலத்தீன் மொழியிலிருந்து வந்த அப்பெயரின் பொருள்.

முற்காலத்தில் அந்நகரின் அனுன்சியாட்டா காப்பகச் சுவரில் மரத்தாலான சுழல் உருளை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. வறுமையாலோ ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சியோ குழந்தையை வளர்க்க இயலாதவர்கள், தெருவில் நின்றபடியே குழந்தையை அதனுள் கிடத்திச் சுழற்றுவார்கள். உள்ளே இருப்பவர் குழந்தையை எடுத்துக்கொள்வார். விட்டுச் சென்றவர் யார் என்பது எவருக்கும் தெரியாது. என்றாவது பிள்ளையை மீட்கலாம் என்ற நம்பிக்கையில், சில தாய்மார்கள் ஏதேனும் ஓர் அடையாளப் பொருளையும் உடன் வைத்தனர்.

பெற்றோர் அறியப்படாததால், அக்குழந்தைகளுக்கு ‘எஸ்பொசிட்டோ’ என்ற பெயரே பதிவேட்டில் எழுதப்பட்டது. அவர்கள் வளர்ந்த பிறகும் அப்பெயர் அவர்களின் பிறப்பைக் காட்டிக்கொடுத்தது. எனவே, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இத்தகைய பெயரிடுவதை நேப்பல்ஸ் மன்னர் முரா தடைசெய்தார். 1875ஆம் ஆண்டு சுழல் உருளையும் மூடப்பட்டது.

ஆயினும், பெயர் மறையவில்லை. முன்னரே அப்பெயரைப் பெற்றவர்கள் திருமணம் செய்து, தம் பிள்ளைகளுக்கும் அதையே வழங்கினர். பெற்றோர் இல்லாதவரைக் குறித்த சொல், இவ்வாறு பெற்றோரிடமிருந்து பிள்ளைகள் பெறும் பெயராயிற்று. இன்று மருத்துவர், ஆசிரியர், வணிகர் எனப் பலரும் அப்பெயரைத் தாங்கி வாழ்கின்றனர். அதைக் கேட்டு எவரும் அவர்களை இழிவாக நோக்குவதில்லை.