காட்சியும் ஒரு பொதுச் சொத்தே

கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பது எமது மூத்தோர் வாக்கு. கோயிலுக்குள் செல்ல இயலாதவரும் தூரத்தில் நின்று கோபுரத்தைக் கண்டு கைகூப்பலாம் என்பதே அதன் பொருள். கொழும்புத் துறைமுகத்தை நோக்கி வந்த மாலுமிகள் ஒரு காலத்தில் புறக்கோட்டையிலுள்ள செந்நிறச் சம்மாங்கோட்டார் பள்ளிவாசலைக் கண்டே நகரை அடையாளங் கண்டனர் என்பர். உயர்ந்த கட்டடமொன்று தான் நிற்கும் காணிக்குள் மட்டும் அடங்கிவிடுவதில்லை. அதனைக் காணக்கூடிய தொலைவு வரையிலுள்ள மக்கள் அனைவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆயினும், பார்ப்பவருக்கும் கட்டடத்துக்கும் இடையிலுள்ள வெளி திறந்திருந்தால் மட்டுமே அப்பங்கு நிலைக்கும். அந்த வெளியைக் காக்கும் பொறுப்பு யாருடையது? இவ்வினாவுக்கு நீண்டகாலமாக விடை தேடிவரும் நகரங்களுள் லண்டன் குறிப்பிடத்தக்கது.

லண்டன் நகரின் சென். போல்ஸ் பேராலயம் 1666 ஆம் ஆண்டின் பெருந்தீயில் அழிந்த பழைய ஆலயத்தின் இடத்தில் எழுப்பப்பட்டது. கிறிஸ்டோபர் ரென் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1675 இல் தொடங்கிய பணி 1710 அளவில் நிறைவெய்தியது. 111 மீற்றர் உயரமான இவ்வாலயத்தின் குவிமாடம் உண்மையில் மூன்று அடுக்குகளைக் கொண்டது. உள்ளே நின்று வழிபடுவோர் அண்ணாந்து பார்ப்பதற்கென ஒரு தாழ்ந்த குவிமாடம். அதன் மேல் பாரத்தைத் தாங்கும் செங்கற் கூம்பு. அதற்கும் வெளியே மரச்சட்டங்களின் மீது ஈயத்தகடு போர்த்திய பெரிய குவிமாடம். வெளியிலுள்ள இக்குவிமாடம் ஆலயத்துக்குள் இருப்போர் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. நகரின் வீதிகளிலும் ஆற்றங்கரையிலும் குன்றுகளிலும் நிற்போருக்காகவே அது அமைக்கப்பட்டது எனலாம்.

இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக லண்டனின் மிக உயர்ந்த கட்டடமாக அது விளங்கியது. 1930 களில் நிலைமை மாறத் தொடங்கிற்று. ஆலயத்துக்கும் தேம்ஸ் நதிக்கும் இடையில் 1933 இல் எழுந்த தொலைபேசி நிலையக் கட்டடமொன்று, தென்கரையிலிருந்து பார்ப்போருக்குப் பேராலயத்தின் ஒரு பகுதியை மறைத்துவிட்டது. அது எந்தச் சட்டத்தையும் மீறிக் கட்டப்பட்டதன்று. காட்சியைக் காக்கும் சட்டமே அப்போது இருக்கவில்லை. இதனால் விழிப்படைந்த ஆலயப் பராமரிப்பாளர் கொட்பிறி அலன், சுற்றியுள்ள காணிகளில் எவ்வளவு உயரம்வரை கட்டினால் ஆலயம் மறையாது என்பதை அளந்து வரைபடமாக்கினார். நகர நிர்வாகம் அதனை ஏற்றது. 'சென். போல்ஸ் உயர வரம்புகள்' எனப்படும் அவ்விதி இன்றளவும் நடைமுறையில் உள்ளது.

இன்று இவ்வாலயத்தைக் காணச் சிறந்த இடங்கள் எவை? அருகில் நின்று பார்க்க விரும்புவோருக்கு, 2010 இல் திறக்கப்பட்ட 'வன் நியூ சேஞ்ச்' கடைத்தொகுதியின் மேல்தளம் உகந்தது. குவிமாடத்தைக் கிழக்கிலிருந்து மிக நெருக்கமாக அங்கு காணலாம். ஆற்றின் குறுக்கே பாதசாரிகளுக்கென 2000 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மில்லேனியம் பாலத்தில் தென்கரையிலிருந்து நடந்து வருவோருக்கு, பாலத்தின் நேர்க்கோட்டிலேயே ஆலயம் எழுந்து நிற்கும். மேற்கே பிளீட் வீதியிலிருந்து லட்கேட் மேட்டை நோக்கி வரும் பாதை மன்னர்களின் ஊர்வலங்கள் சென்ற பழைய பாதையாகும். 1860 களில் அவ்வீதிக்குக் குறுக்கே அமைந்த புகையிரதப் பாலம் இக்காட்சியை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கெடுத்திருந்தது. 1990 இல் அப்பாலம் அகற்றப்பட்டபோதே காட்சி மீண்டது. இழந்த காட்சியை மீட்பது எத்துணை அரிது என்பதற்கு இதுவே சான்று.

தொலைவிலிருந்து காண்பதற்குப் பிறிம்றோஸ் குன்று, பாராளுமன்றக் குன்று, கிறீனிச் பூங்கா ஆகியன பெயர் பெற்றவை. ஆயினும் அனைத்திலும் வியப்புக்குரியது ரிச்மண்ட் பூங்காவிலுள்ள எட்டாம் ஹென்றி மன்னரின் மேடு என்பதாகும். அங்கிருந்து ஆலயம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. வேலிச்செடிகளுக்கிடையே விடப்பட்ட சிறு இடைவெளியினூடாக, மரங்கள் ஒதுங்கி வழிவிட்ட நீண்ட பாதையின் முடிவில், குவிமாடம் சிறு உருவமாகத் தெரிகிறது. அந்த இடைவெளி இயற்கையாக நிலைப்பதன்று. செடிகள் வளர வளர வெட்டிப் பராமரிக்கப்படுகிறது.

1991 இல் பிரித்தானிய அரசாங்கம் லண்டனின் பத்து முக்கிய காட்சிகளைப் பாதுகாப்புக்குரியவையென அறிவித்தது. அவற்றுள் எட்டு இவ்வாலயத்தை நோக்கியவை. பின்னர் நகர முதல்வரின் நிர்வாகம் 2007 இல் இதனை விரிவான காட்சி முகாமைத்துவத் திட்டமாக்கியது. இதன் முறைமை எளிதானது. பார்வையிடம் ஒன்று வரைபடத்தில் குறிக்கப்படும். அங்கிருந்து ஆலயம் வரை ஒரு கோடு வரையப்பட்டு, அக்கோட்டின் கீழுள்ள ஒவ்வொரு காணியிலும் கட்டடம் எட்டக்கூடிய உயரம் கணிக்கப்படும். அதனை மீறும் திட்டங்களுக்கு அனுமதி மறுக்கப்பட வேண்டும் என்பது விதி. 2014 இல் நிறைவுற்ற 225 மீற்றர் உயரமான லெடன்ஹோல் கட்டடம் மேலே செல்லச் செல்ல ஒரு பக்கமாகச் சரிந்து ஒடுங்குவதற்கும், பிளீட் வீதியிலிருந்து தெரியும் குவிமாடத்துக்கு வழிவிட வேண்டியிருந்தமையே காரணம்.

இவ்விடத்தில் சட்ட நுணுக்கமொன்றை அறிந்துகொள்வது நன்று. எனது வீட்டுச் சாளரத்திலிருந்து தெரிந்த அழகிய காட்சியை அயலவர் கட்டடம் மறைத்துவிட்டது என வழக்குத் தொடர்ந்து வெல்ல ஆங்கிலப் பொதுச் சட்டம் இடமளிப்பதில்லை. 1610 ஆம் ஆண்டின் வழக்கொன்றிலேயே இக்கோட்பாடு எடுத்துரைக்கப்பட்டது. தனியாளின் காட்சிக்குச் சட்டம் காவல் நிற்காது. பூங்கா, பாலம், வீதி எனப் பொதுவிடங்களிலிருந்து யாவரும் காணும் காட்சியையே திட்டமிடல் விதிகள் காக்கின்றன.

இவ்விதிகளுக்கு விலை இல்லாமலில்லை. குடியிருப்புத் தட்டுப்பாடு நிலவும் நகரில் உயரக் கட்ட முடியாத காணிகள் வீடுகளின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன என்ற விமர்சனம் நியாயமற்றதன்று. விதிகளில் ஓட்டைகளும் உள. ஆலயத்துக்கு அப்பால் பல கிலோமீற்றர் தொலைவில், ஸ்ட்ராட்போர்டில், 42 மாடிக் கட்டடமொன்று எழுந்தபோது, அது ரிச்மண்ட் மேட்டிலிருந்து குவிமாடத்தின் பின்னணியில் தெரிவதை 2016 இல் தான் பலரும் உணர்ந்தனர். முன்னால் மறைப்பதைத் தடுத்தவர்கள் பின்னால் எழுவதைப் போதியளவு கவனிக்கவில்லை.

எமது கொழும்புக்கும் இதில் பாடம் உண்டு. கோட்டைப் பகுதியில் சதாம் வீதிச் சந்தியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் 1857 இல் கட்டப்பட்டது. பின்னர் அதன் உச்சியில் விளக்கேற்றப்பட்டு, கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சவீடாகவும் அது பயன்பட்டது. சுற்றிலும் எழுந்த கட்டடங்கள் கடலை நோக்கிய அதன் ஒளியை மறைத்தமையால் 1952 இல் அப்பணி முடிவுக்கு வந்தது. கோபுரத்தின் ஒரு கல்லும் அகற்றப்படவில்லை, மணிக்கூடும் அங்கேயே இருந்தது. எனினும் எதற்காக அது கடலுக்குத் தெரியவேண்டியிருந்ததோ அந்தப் பயன் அற்றுப்போயிற்று.

2022 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரத்தின் பார்வைத் தளத்தில் ஏறி, நகரை மேலிருந்து இன்று காணலாம். அது கட்டணம் செலுத்தி மேலேறுவோர் காணும் காட்சி. தெருவிலும் கடற்கரையிலும் நிற்கும் சாதாரண மனிதர் கோயிற் கோபுரத்தையும் பள்ளிவாசல் மினாராவையும் விகாரையின் தாதுகோபத்தையும் தேவாலயத்தின் சிலுவையையும் இலவசமாகக் காண்பது வேறு. எந்தெந்த இடங்களிலிருந்து எவையெவை தெரியவேண்டும் என்பதை நகர அபிவிருத்தித் திட்டங்களில் இப்போதே குறித்துவைப்பதற்குப் பெருஞ் செலவு ஏற்படாது. மறைந்தபின் மீட்பதற்கு ஒரு நூற்றாண்டும் போதாமற் போகலாம்.