கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடுதல்

சிங்கப்பூரில் 1965 முதல் ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்கள், பொன்விழா ஆண்டாகிய 2015இல் மின்வடிவம் பெற்றுத் தேசிய நூலக வாரியத்தின் வாயிலாகப் படிப்போர்க்குக் கிடைத்தன. நூலகத்தின் கைக்கு எட்டாத ஆண்டு மலர்களும் பள்ளி இதழ்களும் சங்க அலமாரிகளிலும் ஆசிரியர் இல்லங்களிலும் இன்னும் தாளாகவே இருக்கக்கூடும். அவற்றைப் படமெடுத்தல் எளிது. எடுத்தவற்றை ஒழுங்குபடுத்திக் காத்தலே அரிது. நூறு பக்க மலர் நூறு கோப்புகளாகும். பத்து மலர்கள் ஆயிரமாகும்.

லினக்ஸ் கணினியில் இப்பணிக்குத் துணை நிற்பது ‘பாஷ்’ என்னும் கட்டளை மொழி. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவன் போர்ன் இயற்றிய மொழியை ஒட்டிப் பிரையன் ஃபாக்ஸ் 1989இல் இதனை வெளியிட்டார். போர்னின் பெயரையும் மறுபிறப்பையும் ஒருங்கே குறிக்கும் சிலேடை இதன் முழுப்பெயர். ஒவ்வொன்றாகத் தட்டச்சிட வேண்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் அதுவே நிரலாகும். ‘மலர்-1958-001’ என்பது போலப் பெயரிட்டிருந்தால், சில வரி நிரல் ஒன்று பெயரின் நடுவிலுள்ள ஆண்டைப் பிரித்தெடுத்து, அவ்வாண்டுக்கு அடைவு இல்லையேல் உண்டாக்கி, கோப்பை அங்கே நகர்த்திவிடும். எண்ணுக்கு முன் சுழியங்கள் இடாவிட்டால் பத்தாம் பக்கம் இரண்டாம் பக்கத்துக்கு முன் வந்து நிற்கும்.

இடர் விளைவது இடைவெளியில்தான். பாஷுக்கு இடைவெளி என்பது சொல்லின் எல்லை. 1887இல் தோன்றிய ‘சிங்கை நேசன்’ இதழின் படங்களை அப்பெயருள்ள அடைவில் வைத்திருக்கும் ஒருவர், தேவையற்ற படியொன்றை நீக்க எண்ணி, மேற்கோள் குறியிடாமல் அப்பெயரைக் கட்டளையில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். கணினி ‘சிங்கை’ என ஒன்றையும் ‘நேசன்’ என ஒன்றையும் தேடும். ‘சிங்கை’ என்று வேறோர் அடைவு அங்கிருந்தால் அது முழுதும் அழியும். அழித்த பின்னரே ‘நேசன்’ இல்லை என்று முறையிடும். பிரிக்கும் இடம் மாறினால் பொருள் மாறும் தொடர்கள் தமிழாசிரியர்க்குப் புதியன அல்ல. வகுப்பில் அது நகைப்போடு முடியும்; இங்கோ நீக்கும் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது, போனது போனதுதான். ஆதலின் பெயர்களை இரட்டை மேற்கோளுக்குள் இடுதல் வேண்டும். நீக்கும் கட்டளைக்கு முன் ‘எக்கோ’ என்னும் சொல்லைச் சேர்த்தால், கணினி எதையும் அழியாமல் தான் செய்யவிருப்பதை எழுதி மட்டும் காட்டும். அதனைப் படித்துப் பார்த்த பின் அச்சொல்லை எடுத்துவிடலாம்.

தமிழுக்கே உரிய சிக்கல்கள் வேறு உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, லினக்ஸுக்கு வெவ்வேறு. ஒரே அடைவில் ‘கொடி’ என இரு கோப்புகள் தோன்றினால் வியப்படைய வேண்டா. (‘கௌ’ எழுத வேண்டிய இடத்தில் ‘கெள’ என்று ளகரம் இடுவோர் செய்யும் குழப்பம் இதனினும் பெரிது.)

பெயரின் நீளமும் கருதத்தக்கது. லினக்ஸில் பெரிதும் வழங்கும் கோப்பமைப்புகளில் ஒரு பெயர் 255 பைட்டுகளைத் தாண்டலாகாது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். குறிபெற்ற உயிர்மெய் ஆறு கொள்ளும். எழுத்தெண்ணினால் ஆறேயாகும் ‘சிங்கை நேசன்’ 34 பைட்டு ஆகிறது. நூலின் நீண்ட தலைப்பு முழுவதையும் கோப்பின் பெயராக்க முயல்வோர் இக்கணக்கை மறத்தல் கூடாது.

அகரவரிசையோ ஆசிரியர்களை இன்னும் உறுத்தும். யூனிகோடின் குறியீட்டு எண்ணில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் உள்ளன. நிரலில் மொழியமைப்பைக் குறிக்கும் மாறிக்கு ‘சி’ என்று மதிப்பிட்டால் கணினி அவ்வெண்களையே பின்பற்றும். அப்போது ‘களஞ்சியம்’ ‘கவிதை’க்கு முன் வரும், ‘அனிச்சம்’ ‘அமுத’த்தை முந்தும். வரிசைப்படுத்துதற்கென யூனிகோடு தனியே வகுத்துள்ள அட்டவணை மெய்களை நெடுங்கணக்கின் முறையிலேயே வைக்கிறது. நூற்பட்டியல் ஆக்குவோர் நிரலின் தலைப்பில் எந்த மொழியமைப்பு இடப்பட்டுள்ளது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.