உங்களுக்கு விசா வேண்டாம்... உங்க காருக்கு? சொந்தக் காரில் நேபாளம் போகும் முன் தெரிஞ்சிக்க வேண்டியவை

உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் இருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால் சுனௌலி. சாலைக்குக் குறுக்கே ஒரு வளைவு. அதைத் தாண்டினால் நேபாளம். சைக்கிளில் மூட்டை கட்டிப் போகிறவர்கள், பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும் யாத்ரீகர்கள், அந்தப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் என்று நாள் முழுக்க ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்கள். பெரும்பாலானவர்களை யாரும் நிறுத்துவதுகூட இல்லை. அதே வளைவுக்குள் ‘டிஎன்’ பதிவெண்ணோடு ஒரு கார் நுழையட்டும், கதை மாறிடும்.

தமிழ்நாட்டில் இருந்து சொந்தக் காரில் நேபாளம் போகிறவர்கள் இப்போது அபூர்வம் இல்லை. யூடியூப் பார்த்துக் கிளம்புகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், முக்திநாத் போகிறவர்கள் இன்னொரு பக்கம். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் அதுதான் என்பதால், வைணவக் குடும்பங்களுக்கு அது வாழ்நாளில் ஒருமுறையாவது போக வேண்டிய இடம். சென்னையில் இருந்து சுனௌலிக்கே 2,000 கிலோமீட்டருக்கு மேல். மூணு, நாலு நாள் ஓட்டிப் போய், எல்லையில் ஒரு பேப்பர் இல்லாமல் நிற்பதைவிட எரிச்சலான விஷயம் எதுவும் இருக்காது. அதைவிடப் பெரிய சிக்கல், எல்லா பேப்பரும் இருக்கு என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவது.

ஆளுக்கு ஒரு சட்டம், காருக்கு ஒரு சட்டம்

இந்தியர்கள் விசா இல்லாமல் நேபாளம் போக அடித்தளம், 1950-ல் இரு நாடுகளும் போட்டுக்கொண்ட அமைதி மற்றும் நட்புறவு ஒப்பந்தம். ஒரு நாட்டவர் மறு நாட்டில் வசிக்க, தொழில் செய்ய, நடமாட அது உரிமை தருகிறது. பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையம் கொடுத்த வாக்காளர் அட்டை கையில் இருந்தால் போதும். (ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீங்க. 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 65 வயதைத் தாண்டியவர்கள் தவிர மற்றவர்களுக்கு அது பயண ஆவணமாக ஏற்கப்படுவதில்லை.)

இந்தச் சுதந்திரம் மனிதர்களுக்கு. கார் மனிதர் இல்லையே! சுங்கத்துறையின் கண்ணில் அது ஒரு சரக்கு. நீங்க உள்ளே போனால் அது பயணம். உங்க கார் உள்ளே போனால் அது தற்காலிக இறக்குமதி. திரும்ப எடுத்துட்டுப் போயிடுவேன் என்ற உறுதியின் பேரில் நாள் கணக்கில் அதற்கு அனுமதி கொடுக்கிறார்கள். நேபாளியில் சுங்கத்துக்கு ‘பன்சார்’ என்று பெயர். எல்லையில் தரகர்கள் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லார் வாயிலும் வரும் வார்த்தை அதுதான்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? காரணம் வரி. நேபாளத்தில் இறக்குமதியாகும் பெட்ரோல், டீசல் கார்களுக்கு சுங்க வரி, கலால், வாட் என்று ஒன்றின் மேல் ஒன்றாக வரி ஏறும். காரின் அடக்க விலையைவிட அதன் மேல் போடும் வரியே அதிகம். இங்கே வாங்கும் அதே மாடலுக்கு அங்கே கொடுக்கும் விலை அநேகமாக இரண்டு மடங்கைத் தாண்டும். எல்லையைத் திறந்து விட்டால், கோரக்பூரில் கார் வாங்கி காத்மாண்டுவில் ஓட்டுவது ஊருக்கு ஊர் நடக்கும். அதைத் தடுக்கத்தான் இந்தக் கணக்கு.

பன்சார் எப்படிப் போடுவது?

எல்லையைத் தாண்டியதும் நேபாளப் பக்கத்தில் சுங்க அலுவலகம் இருக்கும். பீகாரின் ரக்சௌல் வழியாகப் போனால் பீர்கஞ்ச், மேற்கு வங்கத்தின் பானிடங்கி வழியாகப் போனால் காகர்பிட்டா, உத்தராகண்டின் பன்பசா வழியாகப் போனால் மகேந்திரநகர், சுனௌலி வழியாகப் போனால் பைரஹவா. ஆர்சி, டிரைவிங் லைசென்ஸ், அடையாள அட்டை... இவற்றின் ஒரிஜினலும் நகலும் வேண்டும். இந்திய லைசென்ஸே போதும். எத்தனை நாள் இருக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லி, அத்தனை நாளுக்கும் பணம் கட்ட வேண்டும். காருக்கு ஒரு நாளைக்கு சில நூறு நேபாள ரூபாய். பட்ஜெட்டுக்கு பட்ஜெட் இது மாறும். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்ற மாற்று விகிதம் மட்டும் 1993-ல் இருந்து மாறவே இல்லை. எந்த ஊர் வரை போகிறோம் என்று குறிப்பிட்டு ‘யாதாயாத்’ எனப்படும் போக்குவரத்து அனுமதியும் கேட்பார்கள். அது வேற கவுன்ட்டர்.

சின்னதாக ஒரு விஷயம், ஆனால் பலர் கோட்டை விடுவது இங்கேதான். சீட்டில் இருக்கும் தேதி நமக்குப் பழக்கமான தேதியாக இருக்காது. நேபாளத்தின் அலுவல் நாள்காட்டி விக்ரம சம்வத். ஆண்டு நம்ம கணக்கைவிட 56, 57 கூடுதலாக இருக்கும். மாதம் ஏப்ரல் நடுவில் இருந்து நடுவுக்கு ஓடும். எண்கள் தேவநாகரியில் இருக்கும். ‘எந்த நாள் வரைக்கும்?’ என்று கவுன்ட்டரிலேயே ஆங்கிலத் தேதியில் கேட்டு, சீட்டின் பின்னால் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நுழையும் நாளும் கணக்கில் வரும். சாயங்காலம் 6 மணிக்கு உள்ளே போனாலும் அது ஒரு நாள்தான்.

ஒரு நாள் கூடினால்? அனுமதி முடிவதற்குள் ஏதாவது ஒரு சுங்க அலுவலகத்தில் நீட்டிக்கலாம். முடிந்த பிறகு பிடிபட்டால் அபராதம், நிலைமையைப் பொறுத்து வண்டி பறிமுதல் வரை போகலாம். என்ன நீட்டித்தாலும், இந்தியப் பதிவெண் கார் ஒரு நிதியாண்டில் மொத்தம் 30 நாள்தான் அங்கே இருக்கலாம். திரும்பும்போது சீட்டைக் காட்டி, வண்டி வெளியேறியதைப் பதிவு செய்ய மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் ஏட்டில் உங்க கார் இன்னும் நேபாளத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்த முறை போகும்போதுதான் அது தெரியும்.

அப்பா பெயரில் கார் இருந்தால்?

ஆர்சியில் பெயர் இருப்பவர் வண்டியில் இருந்தால் பிரச்சினை இல்லை. அப்பா கார், நண்பர் கார், ஆபீஸ் கார் என்றால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் அடையாள அட்டை நகலும் கொண்டு போக வேண்டும். லோன் ஓடிக்கொண்டிருக்கும் காராக இருந்தால், வங்கியிடம் ஒரு தடையில்லாச் சான்று வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். அந்தக் காரில் உங்களைவிட வங்கிக்குத்தான் பங்கு அதிகமாக இருக்கும்! செல்ஃப் டிரைவ் வாடகைக் கார் என்றால், அது தனியார் வாகனமே கிடையாது. வணிக வாகனத்துக்கு விதியும் கட்டணமும் வேற.

யாரும் கேட்காத பேப்பர்

பன்சார் கவுன்ட்டரில் இருப்பவர்கள் அழுத்திக் கேட்காத, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு பேப்பர் இருக்கிறது. இன்சூரன்ஸ். உங்க கார் பாலிசியை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. ‘ஜியாக்ரஃபிகல் ஏரியா’ என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேராக ‘இந்தியா’ என்று போட்டிருக்கும். வளைவைத் தாண்டிய நொடியில் அந்த பாலிசி வெறும் காகிதம். ஜீரோ டெப், பம்பர் டு பம்பர், எதுவாக இருந்தாலும் சரி.

இதற்கு வழி இருக்கிறது, செலவும் பெரிதாக இல்லை. இந்திய மோட்டார் இன்சூரன்ஸ் விதிகளில் ‘ஐஎம்டி 1’ என்றொரு கூடுதல் ஒப்புதல் உண்டு. கூடுதல் பிரீமியம் கட்டினால் பாலிசியின் எல்லையை வங்கதேசம், பூட்டான், நேபாளம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகிய ஆறு நாடுகளுக்கு நீட்டிக்கலாம். ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது இந்த ஆப்ஷன் பெரும்பாலும் கண்ணில் படாது. கம்பெனிக்கு மெயில் போட்டோ, ஏஜென்ட் மூலமாகவோ கேட்டு, எழுத்துப்பூர்வமாக வாங்க வேண்டும். வாங்கும்போது இன்னொரு கேள்வியும் கேளுங்க. நீட்டிப்பு உங்க காருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டுமா, அங்கே இன்னொருவருக்கு ஏற்படும் பாதிப்புக்கும் சேர்த்தா? தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம் என்று நம்ம மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது நம்ம ரோட்டுக்குத்தான். அங்கே அவர்கள் சட்டம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், அங்கே ரோடு அப்படி. காத்மாண்டுவுக்கும் பொக்காராவுக்கும் போகும் பாதைகள் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஆறு என்றே ஓடுகின்றன. 2024 ஜூலை 12 அன்று நாராயண்காட் - முக்லிங் சாலையில் நிலச்சரிவு ஏற்பட்டு, இரண்டு பஸ்கள் திரிசூலி ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டன. அடுத்த மாதமே பொக்காராவில் இருந்து காத்மாண்டு போன, உத்தரப் பிரதேசப் பதிவெண் கொண்ட ஒரு பஸ் மர்ஸ்யாங்டி ஆற்றின் கரையில் கவிழ்ந்தது. இறந்த 25-க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலானவர்கள் மகாராஷ்டிராவில் இருந்து போன யாத்ரீகர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அந்த மாதங்களில் சொந்தக் காரில் மலை ஏறுவதை ஒத்திப்போட முடிந்தால் ஒத்திப்போடுங்க.

பெரிய விபத்துகூட வேண்டாம். ஒரு பைக்கில் லேசாக இடித்து, ஓட்டியவருக்குக் கால் முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். இழப்பீடு பேசி முடியும் வரை கார் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும். இன்சூரன்ஸ் இல்லை என்றால் மருத்துவச் செலவு முழுக்க உங்க பாக்கெட்டில் இருந்து. அதே நேரம் பன்சார் நாள் ஓடிக்கொண்டே இருக்கும். கார் அடையாளம் தெரியாமல் நசுங்கிப் போனாலும், திருடு போனாலும்கூட, ‘உள்ளே வந்த வண்டி வெளியே போகவில்லை’ என்பதுதான் சுங்க ஏட்டில் இருக்கும் தகவல். அப்படி ஏதாவது ஆனால் போலீஸ் புகாரின் நகலோடு முதலில் ஓட வேண்டிய இடம் சுங்க அலுவலகம்.

2025 செப்டம்பரில் இளைஞர்களின் போராட்டத்தில் ஆட்சியே கவிழ்ந்தபோது ஊரடங்கு போடப்பட்டது, எல்லைப் போக்குவரத்தும் தடைபட்டது. பன்சாரை ஒன்றிரண்டு நாள் கூடுதலாகவே கட்டி வைப்பது இதற்காகவும்தான்.

மற்றபடி ஓட்டுவதற்கு நேபாளம் அந்நியமாகத் தெரியாது. இடதுபக்கப் போக்குவரத்து, மணி மட்டும் நம்மைவிட 15 நிமிடம் முந்தி ஓடும். ஃபாஸ்டேக் அங்கே வேலை செய்யாது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகள் பற்றிய விதி 2018-ல் இருந்து மாறி மாறி வருவதால், 100 ரூபாய்க் கட்டுகளாக எடுத்துப் போவது நிம்மதி. முக்திநாத் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் வருவதால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். கோயில் இருப்பது 3,700 மீட்டருக்கு மேல். பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் ஒரே நாளில் அவ்வளவு உயரம் ஏறிவிடக் கூடாது.

பூட்டான் வழி வேற

பூட்டானும் இந்தியர்களிடம் விசா கேட்பதில்லை, பர்மிட் கொடுக்கிறது. ஆனால் காரை வரவிடாமல் செய்ய அது பிடித்திருக்கும் வழி, விலை. 2022 செப்டம்பரில் நாடு மீண்டும் திறக்கப்பட்டதில் இருந்து இந்தியப் பெரியவர் ஒருவர் ஒரு இரவுக்கு 1,200 ரூபாய் ‘நிலையான வளர்ச்சிக் கட்டணம்’ கட்ட வேண்டும். வெளிநாட்டுக் காருக்கோ ஒரு நாளைக்கு 4,500 நுல்ட்ரம். நுல்ட்ரமும் நம்ம ரூபாயும் ஒரே மதிப்பு. அதாவது, மூன்று பேருக்கு ஒரு இரவுக்கு ஆகும் கட்டணத்தைவிட அவர்கள் வந்த காருக்கு அதிகம். காரை ஜெய்காவ்னில் பார்க் பண்ணிட்டு, எல்லையைத் தாண்டி புன்ட்ஷோலிங்கில் பூட்டான் டாக்சி பிடிப்பதுதான் பலருக்குக் கட்டுப்படியாகும்.

இந்தக் குழப்பங்களை எல்லாம் தீர்க்க ஒரு முயற்சி நடந்தது. வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் நான்கும் சேர்ந்து 2015 ஜூன் 15 அன்று திம்புவில் மோட்டார் வாகன ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சரக்கு லாரி, பஸ் மட்டுமல்ல, தனியார் கார்களும் அதில் அடக்கம். அடுத்த ஆண்டே பூட்டான் நாடாளுமன்றத்தின் மேலவை அதை நிராகரித்தது. சின்ன நாட்டுக்குள் வெளிவாகனங்கள் வந்து குவிந்தால் என்ன ஆகும் என்ற பயம் அவர்களுக்கு.

நேபாளம், பூட்டானைத் தாண்டி தொலைதூரம் ஓட்டும் ஆசை இருப்பவர்களுக்கு ‘கார்னே’ என்ற புத்தகம் தேவைப்படும். காரின் பாஸ்போர்ட் என்றே சொல்லலாம். ஆட்டோமொபைல் சங்கங்கள் பிணைத்தொகை வாங்கிக்கொண்டு இதைக் கொடுக்கும். ஒவ்வொரு நாட்டிலும் நுழையும்போது ஒரு தாள், வெளியேறும்போது ஒரு தாள் கிழிப்பார்கள். கார் வெளியே வராவிட்டால், அந்த நாட்டின் வரி உங்க பிணைத்தொகையில் இருந்து போகும். வங்கதேசத்துக்கு இது வேண்டும். பாகிஸ்தானுக்குப் போக வழியே இல்லை. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு 2025 ஏப்ரலில் அட்டாரி சோதனைச்சாவடி மூடப்பட்டுவிட்டது.

இன்சூரன்ஸ் நீட்டிப்புப் பட்டியலில் இலங்கை இருக்கிறதே, அங்கே போக முடியாதா என்று கேட்கலாம். தமிழ்நாட்டுக்கு மிக அருகில் இருக்கும் வெளிநாடு அதுதான். ஆனால் 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் பயணிகளுக்கு மட்டுமானது, கார் ஏற்ற மாட்டார்கள். சரக்குக் கப்பலில் அனுப்பினாலும், கடலில் இருக்கும் நேரத்துக்கு அந்த ஐஎம்டி 1 செல்லாது.