கண்ணீர் காய்வதற்குள் கெடு முடிந்துவிடுகிறதே!

எங்கள் ஊர் செம்பரம்பாக்கம் என்றதும் எல்லாரும் ஏரியைப் பற்றித்தான் கேட்பார்கள். எங்களுக்கோ பயம் எல்லாம் பெங்களூர் ஹைவேஸ்தான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குப் போகும் ஷிஃப்ட் பஸ், கன்டெய்னர் லாரி என்று ராப்பகல் ஓயாது. டூவீலரில் போன மனுஷர் வீடு வந்து சேர்ந்தால்தான் மூச்சே வரும்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தியின் கணவர் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது லாரி மோதி இறந்துபோனார். காரியம், கைக்குழந்தை, வாரிசு சர்டிபிகேட்டுக்கு அலைச்சல் என்று நாள் ஓடிவிட்டது. நஷ்டஈடு கேட்டுப் போனபோது ஏழு மாதம். "ஆறு மாசத்துக்குள்ள போட்டிருக்கணுமேம்மா" என்றாராம் வக்கீல்.

இந்த ஆறு மாதக் கதையைக் கேளுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இது இருந்தது. தகுந்த காரணம் சொன்னால் ஒரு வருஷம் வரை ஏற்பார்கள். மத்தியப் பிரதேசத்தில் 1990 டிசம்பர் 4-ம் தேதி நடந்த விபத்துக்கு ஒருவர் மறு வருஷம் டிசம்பர் 7-ம் தேதி மனு போட்டார். சில நாள்தான் தாமதம்! தீர்ப்பாயமும் தள்ளியது, ஹைகோர்ட்டும் தள்ளியது. 1994 நவம்பரில் கெடுவையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதை வைத்துத்தான் 1996-ல் சுப்ரீம் கோர்ட் அவருக்கு வழி விட்டது.

அப்படி எடுத்த கெடுவை 2019-ல் திருத்தம் போட்டு, 2022 ஏப்ரல் 1 முதல் திரும்பவும் கொண்டுவந்துவிட்டார்கள். இந்த முறை காரணம் சொன்னால் அவகாசம் என்ற வரிகூட இல்லை. எழுதியவர்கள் தாலி இழந்த வீட்டு வாசலை ஒருநாள் மிதித்திருப்பார்களா? நல்லவேளை, இதை எதிர்த்த வழக்கில் 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், விசாரணை முடியும்வரை காலதாமதம் என்று சொல்லி எந்த மனுவையும் தள்ளக் கூடாது என இடைக்கால உத்தரவு போட்டது. அதைச் சொல்லித்தான் அவளை மனு போட வைத்தோம். ஆனால் இடைக்காலம் இடைக்காலம்தானே, அதை நம்பி யாரும் சும்மா இருந்துவிடாதீர்கள்.

விபத்து நடந்த ஊரில்தான் கேஸ் போடணும் என்றில்லை. நாம் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்களின் குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம். வக்கீல் பீஸுக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும். 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

கேஸ் போட்டாச்சே என்று விட்டாலும் ஆபத்துதான். வாய்தாவுக்கு ஆளும் வக்கீலும் வராவிட்டால் தள்ளுபடி செய்துவிடுவார்கள். முப்பது நாளுக்குள் மறுபடி எடுக்கச் சொல்லி மனு கொடுக்கணும். வாய்தா தேதியைக் காலண்டரில் பால் கணக்கு எழுதும் இடத்திலேயே குறித்துவிடுங்கள், தினமும் கண்ணில் படும்.

- ஒரு வாசகி, செம்பரம்பாக்கம்.